பரீட்சையில் பரிணாமம் எழுதினால் பாவமா?

கேள்வி: எங்கள் சபையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். நீட்டுக்குப் படிக்கும் ஒரு மாணவி, "மிஸ், ஜுவாலஜி புத்தகத்தில் இருக்கிறதை அப்படியே எழுதினால் பைபிளை மறுதலித்த மாதிரி ஆகிவிடுமா?" என்று கேட்டாள். எனக்கு வந்த ஒரு வீடியோவை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கார்பன் டேட்டிங் பொய், யோசுவாவுக்காகச் சூரியன் நின்ற அந்த நாளை நாசா கண்டுபிடித்தது, பூமி அந்தரத்தில் தொங்குவதை யோபு அன்றே சொல்லிவிட்டார் என்றெல்லாம் அதில் வரும். அடுத்த வாரமே ஒரு பையன் ஒவ்வொன்றும் ஏன் தப்பு என்று எழுதிக்கொண்டு வந்து வாசித்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது அவனும் அவன் நண்பனும் வகுப்புக்கு வருவதில்லை. "அந்தப் பேச்சே வேண்டாம், வசனம் மனப்பாடம் பண்ண வையுங்கள்" என்கிறார் ஆயர். நான் படித்தது பி.காம். ஆதாம் இல்லையென்றால் சிலுவை எதற்கு என்ற பயம் எனக்கே இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், பெரம்பூர்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மாணவிக்கு இந்த வாரமே பதில் சொல்லிவிடுங்கள், பரீட்சை காத்திருக்காது. எழுதலாம். முழு மதிப்பெண் வாங்கும்படியே எழுதலாம். உயிரியலார் என்ன சொல்கிறார்கள், எந்தச் சான்றை வைத்துச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அதைச் சரியாகச் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. "மனசுக்குள் நம்பாமல் எழுது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மேலுக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று என்று பதினேழு வயதில் பழகினால், அந்தப் பழக்கம் ஜெபத்துக்குள்ளும் வந்துவிடும்.

அடுத்தது அந்த வீடியோ. அதை குரூப்பிலிருந்து நீக்குங்கள். நீக்கியதையும், ஏன் நீக்கினீர்கள் என்பதையும் அதே குரூப்பில் நாலு வரி எழுதிப் போடுங்கள். அதற்கு அதில் என்ன தவறு என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கார்பன்-14 முறை, ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருளுக்குத்தான்: மரக்கட்டை, எலும்பு, கரி, பருத்தித் துணி. உயிரோடிருக்கும் வரை காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பன்-14 உள்ளே வந்துகொண்டே இருக்கும். செத்த பிறகு வரவு நின்று, இருப்பு மட்டும் குறையும். 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதனால் சுமார் 50,000 ஆண்டுக்கு அப்பால் இந்த முறை பயன்படாது. பூமியின் வயதை இதை வைத்து யாருமே கணக்கிடவில்லை. "கார்பன் டேட்டிங் தவறு, ஆகவே பூமி இளையது" என்ற வாதம் முதல் அடியிலேயே இடறி விழுவது இதனால்தான். உயிரோடிருக்கும் நத்தையின் ஓட்டுக்கு ஆயிரக்கணக்கான வயது காட்டியது என்று இத்தகைய வீடியோக்களில் சொல்வார்கள். அது நடக்கக்கூடியதுதான். சுண்ணாம்புப் பாறை கரைந்த நீரில் வாழும் நத்தை, பாறையிலிருந்த பழைய கார்பனையும் எடுத்துத்தான் ஓடு கட்டுகிறது. ஆய்வகங்களுக்கு இது தெரியும், அதற்கான திருத்தத்தைச் செய்துதான் வயதைச் சொல்கின்றன.

பாறைக்கு வேறு கடிகாரம். சிர்கான் என்ற மிகச் சிறிய படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைப் பெரும்பாலும் விடாது. எனவே உள்ளே ஈயம் இருந்தால், அது யுரேனியம் சிதைந்து உண்டானது என்று கொள்ளலாம். யுரேனியம்-238 பாதியாக சுமார் 447 கோடி ஆண்டு ஆகும். யுரேனியம்-235 பாதியாக சுமார் 70 கோடி. ஒரே படிகத்துக்குள் இப்படி இரண்டு கடிகாரங்கள், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. இரண்டும் ஒரே வயதைக் காட்டினால்தான் அளவு நம்பத்தக்கது. படிகம் இடையில் சூடாகி ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது, கசிந்தது அப்போதே தெரிந்துவிடும். பூமிக்குச் சுமார் 454 கோடி ஆண்டு என்பது விண்கற்களிலும் பழைய பாறைகளிலும் இவ்வகைக் கடிகாரங்களை ஒன்றுக்கொன்று சரிபார்த்து வந்த கணக்கு.

நாசா கதைக்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. தொலைந்த ஒரு நாளைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்ததாகச் சொல்வதை நாசாவே மறுத்திருக்கிறது. அப்படிக் கண்டுபிடிக்கவும் முடியாது. கோள்களின் இருப்பிடத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். ஆனால் ஒரு நாள் குறைகிறது என்று சொல்ல, யோசுவாவுக்கு முந்திய ஒரு நாளில் சூரியன் எங்கே நின்றது என்ற தனிப் பதிவு கையில் இருக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லை.

யோபுவுக்கு வருவோம். தமிழ்ச் சபைகளில் "வேதத்தில் விஞ்ஞானம்" என்ற தலைப்பில் பிரசங்கம் என்றால் யோபு 26:7 கட்டாயம் வரும்: "பூமியை அந்தரத்திலே தொங்கவைக்கிறார்." அதே அதிகாரத்தில் நாலு வசனம் தள்ளி வாசியுங்கள். 26:11-ல் வானத்தின் தூண்கள் அதிர்கின்றன. 7-ஆம் வசனம் விண்வெளி அறிவியல் என்றால், 11-ஆம் வசனத்தின் தூண்களை எங்கே போய்த் தேடுவது? உங்கள் வகுப்புப் பையன் இதைத்தான் கேட்டிருப்பான். இரண்டுமே கவிதை, இரண்டும் தேவனுடைய வல்லமையைப் பாடுகின்றன. ஒன்றை மட்டும் பிடுங்கி அறிவியல் சான்றிதழ் ஒட்டினால் யோபு புத்தகத்துக்கே அநியாயம் செய்கிறோம்.

இது இன்றைக்கு வந்த சங்கடமும் அல்ல. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கவுரையில் இதே எச்சரிக்கை இருக்கிறது. வானம், பூமி, நட்சத்திரங்களின் ஓட்டம் இவற்றைப் பற்றி அவிசுவாசிக்கும் உறுதியான அறிவு உண்டு. அவற்றைப் பற்றி ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பேரால் பிதற்றுவதை அந்த அவிசுவாசி கேட்டால், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை எப்படி நம்புவான் என்று அகுஸ்தீன் கேட்கிறார். உங்கள் வகுப்பில் நடந்தது அதுதான். பிள்ளைகள் சிரித்தது வீடியோவைப் பார்த்து. வேதத்தைப் பார்த்துச் சிரித்ததாக நீங்கள் எடுத்துக்கொண்டால் எழுதிக்கொண்டு வந்த அந்தப் பையனை இழந்துவிடுவீர்கள்.

இனி அடிப்படைக்கு வருவோம். விசுவாசப்பிரமாணத்தை ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறீர்கள். "வானத்தையும் பூமியையும் படைத்த" பிதாவை விசுவாசிக்கிறேன் என்று அது தொடங்குகிறது. படைத்தவர் யார் என்று சொல்கிறது. எத்தனை நாளில், எத்தனை ஆண்டுக்கு முன், எந்த வழியில் என்று அப்போஸ்தலர் பிரமாணமும் சொல்லவில்லை, நிசேயா பிரமாணமும் சொல்லவில்லை. எதை விட்டால் கிறிஸ்தவம் இல்லையோ அது ஒரு வரிசை. நல்ல விசுவாசிகளே வேறுபட்டு வாசித்தது இன்னொரு வரிசை. யாரோ அச்சடித்ததால் நமக்குப் பழகிப்போனது மூன்றாவது. குழப்பமெல்லாம் மூன்றாவதைத் தூக்கி முதல் வரிசையில் வைப்பதால் வருகிறது.

"உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷம்" என்பது அந்த மூன்றாவது வரிசை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-ல் வெளியிட்ட நூலில் வம்ச அட்டவணைகளைக் கூட்டி கி.மு. 4004 என்று கணக்கிட்டார். 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்த ஆண்டுகளை அச்சடித்தார்கள். ஓரத்தில் இருந்தது காலப்போக்கில் வசனத்தின் மரியாதையைப் பெற்றுவிட்டது. அவர் திறமையான அறிஞர், கணக்கிலும் பிசகு இல்லை. ஆனால் வம்ச அட்டவணையில் ஒரு தலைமுறையும் விடுபடாது என்று வைத்துக்கொண்டால்தான் அந்தக் கூட்டல் நிற்கும். மத்தேயு 1:8-ஐத் திறங்கள்: "யோராம் உசியாவைப் பெற்றான்." இப்போது 1 நாளாகமம் 3:11, 12. யோராமுக்கு அகசியா, அகசியாவுக்கு யோவாஸ், யோவாசுக்கு அமத்சியா, அதற்குப் பிறகுதான் அசரியா. உசியாவின் இன்னொரு பெயர் அது. நடுவில் மூன்று ராஜாக்களை மத்தேயு விட்டுவிட்டு, பதினாலு பதினாலாக அடுக்குகிறார். அவர் மறந்துபோகவில்லை, வம்சம் சொல்லும் முறையே அவர்களுக்கு அப்படி. இதை வகுப்பில் பிள்ளைகளையே இரண்டு இடத்திலும் விரலை வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் போதும். ஆறாயிரம் என்பது வசனம் இல்லை, கூட்டல் என்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.

ஆறு நாளும் அப்படித்தான். சூரியன் நாலாம் நாளில் உண்டாகிறது. அதற்குமுன் மூன்று சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன? இதைக் கேட்டது டார்வினின் சீடர் யாரும் இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் வேத விளக்கவுரையாளர் ஒரிகேன் கேட்டார். டார்வின் புத்தகம் வந்தது 1859-ல். ஆதியாகமம் 1:16 சூரியனையும் சந்திரனையும் இரண்டு மகத்தான சுடர்கள் என்கிறதே, சனிக் கிரகம் சந்திரனைவிடப் பெரியதாயிற்றே என்ற கேள்வியை 1554-ல் சபைச் சீர்திருத்தவாதி கால்வின் தம் விளக்கவுரையில் எடுத்துக்கொள்கிறார். மோசே சாதாரண ஜனங்களின் கண்ணுக்குத் தெரிகிறபடி எழுதினார், வானசாஸ்திரம் வேண்டியவர் அதற்குரிய இடத்துக்குப் போகட்டும் என்பது அவர் பதில். அவர் கையில் தொலைநோக்கிகூட இல்லை.

சங்கீதம் 104:5 பூமி ஒருபோதும் நிலைபேராது என்கிறது. இதைப் போன்ற வசனங்களையும் யோசுவா 10-ஐயும் வைத்துத்தான் பூமி சுற்றவில்லை என்று வாதாடினார்கள். 1616-ல் ரோமாபுரி கோப்பர்னிக்கஸின் நூலுக்குத் தடை போட்டது, 1633-ல் கலிலேயோவைத் தண்டித்தது. இன்றைக்கு உங்கள் சபையில் அதே சங்கீதத்தைப் பாடுகிறீர்கள், பூமி சுற்றுகிறது என்பதால் யாருக்கும் தொண்டை அடைப்பதில்லை. நாம் வாசிக்கும் விதம் மாறியது, சங்கீதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

வகுப்பை எப்படி நடத்துவது? நாலு வாரம் ஒதுக்குங்கள், ஒவ்வொன்றும் நாற்பது நிமிஷம். முதல் இரண்டு வாரம் அறிவியல் பேச்சே எடுக்க வேண்டாம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். டைனோசரில் தொடங்குவார்கள், ஐந்தாவது நிமிஷத்தில் இரண்டு கெட்டிக்காரப் பையன்கள் மட்டும் பேசிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள்.

முதல் வாரம் ஆதியாகமம் 1 மட்டும். போர்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் 1, 2, 3 நாட்கள். வலப்பக்கம் 4, 5, 6. முதல் நாள் வெளிச்சம், நாலாம் நாள் சுடர்கள். இரண்டாம் நாள் ஆகாயமும் நீரும், ஐந்தாம் நாள் பறவையும் மீனும். மூன்றாம் நாள் நிலமும் செடியும், ஆறாம் நாள் விலங்கும் மனிதனும். இடத்தில் வீடு, வலத்தில் குடியிருப்பவர். நீங்கள் நிரப்பாதீர்கள், பிள்ளைகள் வசனத்தைப் பார்த்து நிரப்பட்டும்.

இரண்டாம் வாரம் 2-ஆம் அதிகாரம். அங்கே மனிதன் முதலில், பிறகு தோட்டத்து மரங்கள், பிறகு 2:19-ல் மிருகங்கள், கடைசியில் பெண். முதல் அதிகாரத்தின் வரிசை இது இல்லை. ஆதியாகமத்தைத் தொகுத்தவருக்கு இது தெரியாமலா இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்? என்ன நடந்தது என்ற நாட்குறிப்பாக அவர் இதை எண்ணியிருந்தால் முரண்பாட்டைச் சரிசெய்திருப்பார். இந்தக் கேள்வியை வகுப்பில் விட்டுவிடுங்கள், முடித்து வைக்க அவசரப்படாதீர்கள்.

மூன்றாம் வாரம் அறிவியல். பி.காம். படித்ததற்காக வருத்தப்பட வேண்டாம், நீங்கள் எடுக்கத் தேவையில்லை. சபையிலேயே ஒரு பயாலஜி டீச்சரோ கல்லூரிப் பேராசிரியரோ இருப்பார். அவரை அழையுங்கள், ஆனால் இரண்டு நிபந்தனை சொல்லிவிடுங்கள். அவர் சாட்சி சொல்லக்கூடாது, அறிவியல் மட்டும் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் இருக்கும் சான்றுகளோடு நிறுத்த வேண்டும். "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பதில் சின்னது: சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. பொது மூதாதை வாழ்ந்தது சுமார் 60, 70 லட்சம் ஆண்டுக்கு முன்பு.

அதே வகுப்பில் அறிவியலின் எல்லையையும் சொல்லச் சொல்லுங்கள். மரபணு மாற்றம் தற்செயல் என்று பாடப்புத்தகம் சொன்னால், அந்த உயிரினத்துக்கு எது தேவையோ அதைப் பார்த்து அது வருவதில்லை என்று பொருள். "ஆகவே உலகத்துக்கு நோக்கம் இல்லை" என்று ஒருவர் தொடர்ந்தால், அவர் உயிரியலை விட்டுத் தத்துவத்துக்குப் போய்விட்டார். போகலாம், ஆனால் ஆய்வக உடுப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். நீதிமொழிகள் 16:33-ஐ நினைவுபடுத்துங்கள்: "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்." தற்செயல் என்ற ஒன்றைக் கண்டு பயந்த நூல் அல்ல வேதாகமம்.

பிக் பேங் (பெருவெடிப்பு) பற்றிப் பேச்சு வந்தால் எதிர்ப்பக்கம் சறுக்காமல் பாருங்கள். "இதோ, விஞ்ஞானமே சிருஷ்டிப்பை நிரூபித்துவிட்டது" என்று குதிக்க ஆசை வரும். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் எழுதிய ஜார்ஜ் லெமைத்ரு ஒரு கத்தோலிக்கக் குரு. 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் ஓர் உரையில் அந்தக் கோட்பாட்டைச் சிருஷ்டிப்புக்குச் சாட்சியாகக் காட்டியபோது லெமைத்ருவுக்கே அது பிடிக்கவில்லை. இன்றைய கோட்பாடு நாளை திருத்தப்படலாம். அதில் விசுவாசத்தைக் கட்டிப்போட்டால் அதுவும் சேர்ந்து ஆடும் என்பதை அந்தக் குரு அறிந்திருந்தார்.

விசுவாசிகளான விஞ்ஞானிகளின் பட்டியல் வாசிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். நியூட்டன் பெயர் முதலில் வரும். அவர் திரித்துவத்தை ஏற்கவில்லை என்று அந்தப் பையன் எழுந்து சொல்வான், சரியாகத்தான் சொல்வான். ஒரு சுவையான செய்தி என்ற அளவில், நம் ஊர்ப் பக்கத்து மிஷனரி ஒருவரைச் சொல்லலாம். தரங்கம்பாடியில் ஊழியம் செய்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் இங்கிருந்து ஐரோப்பாவுக்கு மீன் மாதிரிகளை அனுப்பினார். காசிமேட்டில் விற்கும் கத்தாளை வகைகளில் ஒன்றுக்கு ஜானியஸ் என்ற அறிவியல் பெயர் அவர் நினைவாக வந்தது. அவ்வளவுதான், அதிலிருந்து எதையும் நிரூபிக்க வேண்டாம்.

நாலாம் வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைப் பரங்கிமலைக்கு அழைத்துப் போங்கள். மலைமேல் போர்த்துக்கீசியர் 1523-ல் கட்டிய ஆலயம். அங்கேதான் தோமா கொல்லப்பட்டார் என்பது மரபு. காயத்தைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவரும், பார்த்தபின் "என் ஆண்டவரே, என் தேவனே" என்றவரும் அவரே. ஏறும்போது அடியில் தெரியும் பாறையைக் கவனிக்கச் சொல்லுங்கள். உடைந்த இடத்தில் நீலச் சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியது போல மினுக்கும். பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறை என்பதால் வந்த பெயர். பரங்கிமலை, பல்லாவரம் பகுதிதான் இப்பாறைக்கு உலகப் புகழ் பெற்ற இடம். இந்திய புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. வயது சுமார் 250 கோடி ஆண்டு. அந்த ஆலயத்தில் ஆராதிப்பவர்கள் யாரும் அந்தப் பாறைக்கு ஆறாயிரம் வயது என்று சொன்னால்தான் ஜெபிப்போம் என்று அடம்பிடிப்பதில்லை.

இன்னொரு சனிக்கிழமை கிடைத்தால் எழும்பூர் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை. புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30-இல் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆய்வு அதிலிருந்துதான் தொடங்கியது. அவர் சேகரித்த கருவிகள் இங்கே இருக்கின்றன. அதே ஆண்டு அவர் கண்டறிந்த திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் ஆய்வு வெளியானது. இந்த ஃபூட் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மருமகன். மாமனார் கையில் ஆதியாகமம், மருமகன் கையில் கற்கோடரி. அந்தக் குடும்பத்துச் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசியிருப்பார்கள் என்று பிள்ளைகள் யோசிக்கட்டும்.

ஒரு ஜாக்கிரதை. "டீச்சர் பைபிள் பொய்யின்னு சொல்றாங்களாம்" என்று ஏதோ ஒரு வீட்டில் பேச்சு கிளம்பும். முதல் வாரத்துக்கு முன்பே பெற்றோருக்கு ஒரு தாள் அனுப்புங்கள். மூன்று வரி போதும்: தேவனே வானத்தையும் பூமியையும் படைத்தார் என்பதுதான் எங்கள் வகுப்பின் அஸ்திவாரம். ஆதியாகமத்தை விசுவாசிகள் எப்படியெல்லாம் வாசித்திருக்கிறார்கள் என்று நாலு வாரம் படிக்கிறோம். நீங்களும் வந்து பின்னால் உட்காரலாம். பட்டிமன்றமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். இரண்டு அணி பிரித்த அந்த நிமிஷமே ஒரு பாதிப் பிள்ளைகளைத் தேவனுக்கு எதிரணியில் உட்கார வைத்துவிடுவீர்கள். கூச்சப்படும் பிள்ளைகளுக்காகப் பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் கேள்வி வாங்குங்கள். பதில் தெரியாததை அடுத்த வாரத்துக்கு எடுத்து வையுங்கள், ஆனால் அடுத்த வாரம் அதை எடுக்க மறக்காதீர்கள்.

நாலாம் வாரம் உங்கள் பயத்துக்கே வருகிறது: ஆதாம். இதை வழவழ என்று பூசி மெழுகக் கூடாது, இங்கே உண்மையான கஷ்டம் இருக்கிறது. இன்றைய மனிதர் எல்லாரும் சில ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த இரண்டே பேரிலிருந்து மட்டும் வந்தார்கள் என்பதோடு மரபியல் ஒத்துப்போகவில்லை. காரணம் எளிது. இரண்டு பேரிடம் ஒரு மரபணுவுக்கு அதிகபட்சம் நாலு வடிவங்கள்தான் இருக்க முடியும். சிறுநீரக மாற்றுக்கு முன் பொருத்தம் பார்ப்பார்களே, அந்த எச்.எல்.ஏ. மரபணுக்களில் மனிதர்களிடையே ஆயிரக்கணக்கான வடிவங்கள் இருக்கின்றன. நாலு, இவ்வளவு ஆக அந்தக் காலம் போதாது.

விசுவாசிகள் இதற்கு ஒரே பதில் சொல்வதில்லை. ஏற்கெனவே இருந்த மனிதக் கூட்டத்திலிருந்து தேவன் ஒருவனையோ ஒரு தம்பதியையோ அழைத்து, எல்லாருக்கும் பிரதிநிதியாக நிறுத்தினார் என்பார்கள் சிலர். காயீன் தன்னைக் கொல்லக்கூடியவர்களுக்குப் பயந்தான், மனைவியைக் கண்டான், பட்டணம் கட்டினான் என்ற ஆதியாகமம் 4-இன் பழைய புதிர் அவர்களுக்குச் சிக்கலாக இராது. ஆதாம் என்பவன் நாம் ஒவ்வொருவரும்தான், அது எல்லாருடைய கதை என்பார்கள் வேறு சிலர். அவர்கள் ரோமர் 5-ல் பவுல் "ஒரே மனுஷன்" என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை 1950-ல் மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றது, ஆத்துமா தேவனால் நேரடியாக உண்டாவது என்றது, பல மூதாதையர் என்ற கருத்தை மட்டும் விசுவாசிகள் ஏற்கலாகாது என்றது. என் சாய்வு பிரதிநிதி என்ற முதல் விளக்கத்தின் பக்கம். இரண்டாவதைச் சொல்பவரை விசுவாசத்துக்கு வெளியே நிறுத்தமாட்டேன்.

சிலுவைக்கு இதனால் என்ன ஆகும்? ரோமர் நிருபத்தைத் தொடக்கத்திலிருந்து வரிசையாக வாசியுங்கள். 1, 2 அதிகாரங்களில் பவுல் மனிதர் செய்கிற பாவத்தையே காட்டுகிறார். 3:23-ல் "எல்லாரும் பாவஞ்செய்து" என்கிறார். 3:25-ல் கிறிஸ்துவின் இரத்தத்துக்கு வந்துவிடுகிறார். ஆதாம் என்ற பெயர் 5:14 வரை வருவதே இல்லை. பவுல் சிலுவையின் தேவையை நிறுவியது கண்ணுக்கு முன்னால் இருக்கும் மனிதரை வைத்து. ஆதாமைக் கொண்டுவருவது கிறிஸ்து எவ்வளவு பெரியவர் என்று ஒப்பிட்டுக் காட்ட. அத்திரம்பாக்கத்தில் நாளை என்ன தோண்டி எடுத்தாலும் 3:23 பொய்யாகாது. அன்றைய செய்தித்தாளைத் திறந்தாலே போதும்.

"பாவத்துக்கு முன்னால் மரணமா? கோடிக்கணக்கான ஆண்டு மிருகங்கள் செத்தனவே?" என்று துண்டுச்சீட்டு வரும். ரோமர் 5:12 மரணம் எல்லா மனுஷருக்கும் வந்தது என்கிறது, மிருகங்களைப் பற்றிப் பேசவில்லை. சங்கீதம் 104:21-ல் பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்து தேவனிடத்தில் ஆகாரம் தேடுகின்றன. இரைபிடிப்பதை அந்தச் சங்கீதக்காரன் சாபம் என்று பார்க்கவில்லை. ஆதியாகமம் 1:30 மிருகங்களுக்குப் பசும்பூண்டை ஆகாரமாகக் கொடுக்கிறதே என்று யாராவது மடக்கினால், இரண்டு வசனத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டும் வேதத்தில்தான் இருக்கின்றன என்று ஒப்புக்கொள்ளுங்கள். மிருகங்களின் வேதனை ஏன் என்பதற்கு முழுப் பதில் யாரிடமும் இல்லை. யோபு 38 முதல் 41 வரை தேவன் பேசும்போதும் அந்தப் பதில் வருவதில்லை.

வராமல் நின்ற இரண்டு பையன்களுக்கும் மெசேஜ் அனுப்பாதீர்கள், போன் செய்யுங்கள். முதலில் எழுதிக்கொண்டு வந்தவனிடம், "நீ சொன்னதைச் சரிபார்த்தேன், நீ சொன்னது சரி, வீடியோவை எடுத்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். "ஆனாலும் நீ எல்லாருக்கும் முன்னால் அப்படி..." என்று தொடங்கிவிடாதீர்கள். பிறகு மூன்றாம் வார வகுப்புக்குச் சான்றுகளைப் போர்டில் எழுத உதவி வேண்டும் என்று கேளுங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், பரங்கிமலைக்குப் போகும் நாளை மட்டும் தெரிவியுங்கள்.

ஆயரிடம் வாதாடப் போகாதீர்கள். அவர் பயப்படுவது சபையில் கலகம் வரும் என்று, அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. நாலு வாரத் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வாரத்துக்கும் மனப்பாட வசனத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்: சங்கீதம் 19:1, நீதிமொழிகள் 16:33, ரோமர் 3:23, 24, கொலோசெயர் 1:16, 17. மனப்பாடம் வேண்டும் என்றார், கொடுத்துவிட்டீர்கள். முதல் வாரம் ஜெபித்துத் தொடங்கி வைக்க அவரையே கூப்பிடுங்கள். பெற்றோருக்கு அனுப்பும் தாளில் அவர் கையெழுத்தும் இருந்தால் நல்லது.